பழைய சீட்டும் சின்ன மாத்திரையும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குத் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, உள்ளங்கை வேர்த்து வழிகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் அவரை முதலில் கூட்டிக்கொண்டு ஓடுவது இ.சி.ஜி. எடுக்கத்தான். ஓட வேண்டியதுதான், மாரடைப்பும் இப்படி வரக்கூடும். இ.சி.ஜி.யில் குறை எதுவும் தெரியவில்லை. ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது. "ஒண்ணும் இல்லப்பா, டென்ஷன்தான்" என்று சொல்லும் டாக்டர், ராத்திரி படுக்கும்போது போட்டுக்கொள்ளப் பத்து நாளைக்கு ஒரு சின்ன மாத்திரை எழுதித் தருகிறார். அன்று இரவு, பல மாதங்களுக்குப் பிறகு, அவர் அயர்ந்து தூங்குகிறார்.

பதினோராவது நாள் அந்தச் சீட்டு என்ன ஆகிறது?

குப்பைக்குப் போவதில்லை. ரேஷன் கார்டும் சொசைட்டி பாஸ்புக்கும் இருக்கும் தகர டப்பாவுக்குள் போகிறது. ஒரு மாதம் கழித்து, வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட வேண்டிய நாள் நெருங்கும்போது தூக்கம் மறுபடி கெடுகிறது, டப்பா திறக்கப்படுகிறது, மெடிக்கலில் சீட்டு நீட்டப்படுகிறது. சில மாதத்தில் சீட்டே தேவைப்படுவதில்லை. "அண்ணே, இதே மாத்திரை ஒரு அட்டை" என்று காலி அட்டையைக் காட்டினால் போதும். இப்படியே நான்கு வருடம் ஓடிவிடுகிறது. நான்கு வருடம் சாப்பிடச் சொன்னது யார் என்று கேட்டால் பதில் கிடைக்காது. டாக்டர் பத்து நாளைக்குத்தான் எழுதினார். கடைக்காரர் கேட்டதைக் கொடுத்தார். சாப்பிடுகிறவரும் அப்படி ஒருநாளும் தீர்மானம் செய்யவில்லை.

இது எந்த ஒரு தனிமனிதரின் கதையும் அல்ல. தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் இதற்கு ஆள் உண்டு. பதற்றத்துக்கான அமைதியூட்டி மாத்திரைகளைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் "நல்லதா, கெட்டதா" என்ற இரண்டு சொற்களில் சிக்கிக்கொள்கிறது. அந்த மாத்திரைகள் நல்ல மருந்துகள்தாம். யாரும் எடுக்காத முடிவால் அவை நீண்டுகொண்டே போவதில்தான் ஆபத்தெல்லாம் குடியிருக்கிறது.

அல்பிரசோலம், குளோனஸெபாம், லோரஸெபாம், டயஸெபாம், குளோர்டயஸெபாக்சைடு, நைட்ரஸெபாம். அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இவற்றில் ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது பென்சோடயசெபின் என்ற ஒரே குடும்பத்து மாத்திரை. கடைகளில் விற்கும் வணிகப் பெயர்கள் ஏராளம். அவற்றை நினைவில் வைக்க வேண்டாம். பெரும்பாலான பெயர்களின் வாலில் வரும் "ஸெபாம்", "சோலம்" என்ற ஒலிகளே நல்ல அடையாளம். பேச்சு வழக்கில் இவை எல்லாமே "தூக்க மாத்திரை", இல்லையென்றால் "நரம்பு மாத்திரை". இந்த இரண்டு பெயர்களும் ஆளைத் தவறான வழிக்கு அனுப்புகின்றன. தூக்க மாத்திரை என்றால் தூக்கத்தோடு அதன் வேலை முடிந்துவிடும் என்று தோன்றும். நரம்பு மாத்திரை என்றால் நரம்புக்குச் சத்து தருவது, எத்தனை நாள் சாப்பிட்டாலும் நல்லது என்று தோன்றும்.

மூளையில் காபா என்றொரு வேதிப்பொருள் இயற்கையாகவே சுரக்கிறது. நரம்பணுக்களின் துடிப்பைத் தணிக்கும் பிரேக் அது. பென்சோடயசெபின் அந்தப் பிரேக்கின் மேல் இன்னொரு காலையும் வைத்து அழுத்துகிறது. அரைமணி, ஒருமணி நேரத்தில் படபடப்பு இறங்குகிறது, தசை தளர்கிறது, கண் சொருகுகிறது. வலிப்பு நிற்காமல் வரும் நோயாளிக்கு லோரஸெபாம் ஊசி உயிர் காக்கும் மருந்து. பல வருடக் குடியைத் திடீரென்று விட்டவருக்கு வரும் கை நடுக்கத்துக்கும் ஜன்னிக்கும் முதல் மருந்து இந்தக் குடும்பத்திலிருந்துதான் வருகிறது. அறுவை சிகிச்சைக்கு முன், திடீர் துக்கத்தின் முதல் சில நாட்களில், மூச்சு முட்டும் பீதித் தாக்குதலின்போது இவை செய்யும் உதவிக்கு ஈடு குறைவு. இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். "தூக்க மாத்திரையா, ஐயோ" என்று பயந்து, டாக்டர் எழுதிய நான்கு நாள் மாத்திரையைக்கூடத் தொடாமல் வேதனைப்படுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இவை பிறந்த கதையில் பட்டு ஊருக்குப் பழக்கமான ஒரு சரடு ஓடுகிறது: சாயம். போலந்தின் கிராகோவ் பல்கலைக்கழகத்தில் இளம் வேதியியலராக இருந்த லியோ ஸ்டெர்ன்பாக், துணிச் சாயத்துக்கு உதவுமா என்று சில கூட்டுப்பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். யூதரான அவர் 1941இல் ஐரோப்பாவை விட்டு அமெரிக்கா போய், நியூஜெர்சியில் ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தில் வேலை செய்தார். 1950களில் மனத்தை அமைதிப்படுத்தும் புதிய மருந்தைத் தேடச் சொன்னபோது, அவர் கை தன் பழைய சாயப் பொருள்களிடமே போனது. செய்து பார்த்தவற்றில் பல பயனற்றுப் போக, கடைசியாக ஒன்று சோதிக்கப்படாமல் அலமாரியில் கிடந்தது. 1957இல் ஆய்வகத்தைச் சுத்தம் செய்யும்போது அது கண்ணில் பட்டது. அதுதான் குளோர்டயஸெபாக்சைடு. 1960இல் லிப்ரியம் என்ற பெயரில் கடைக்கு வந்தது. 1963இல் அதன் தம்பி டயஸெபாம், வேலியம் என்று வந்தது.

அதற்கு முன் நிலைமை இன்னும் மோசம். 1903 முதல் இருந்துவந்த பார்பிடியூரேட் மாத்திரைகளில், தூங்க வைக்கும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அவற்றோடு ஒப்பிட்டால் வேலியம் சாதுவாகத் தெரிந்தது. டாக்டர்கள் தாராளமாக எழுதினார்கள். 1970களில் அமெரிக்காவில் அதிகம் எழுதப்பட்ட மருந்து அதுதான். 1978 என்ற ஒரே ஆண்டில் 230 கோடி மாத்திரைகள் விற்றன.

மனத்தை அமைதிப்படுத்தும் மருந்தின் வரலாற்றில் இந்தியாவுக்கும் ஒரு முன்னோடி இடம் உண்டு, அதுவும் ஸ்டெர்ன்பாக்கின் கண்டுபிடிப்புக்கு முன்பே. வைத்தியர்கள் காலங்காலமாகப் பயன்படுத்திவந்த சர்ப்பகந்தா வேரை கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931இல் ஆராய்ந்து, அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது, மனக் கொந்தளிப்பை அடக்குகிறது என்று எழுதினார்கள். 1949இல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல் தம் நோயாளிகளிடம் கண்டதை ஒரு பிரிட்டிஷ் இதழில் வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. சில ஆண்டுகள் உலகமே அதைக் கொண்டாடியது. பிறகு, அதைச் சாப்பிட்ட சிலர் கடும் மனச்சோர்வில் விழுவது தெரியவந்து மனநல மருத்துவத்திலிருந்து அது விலகியது. "பச்சிலை மருந்துதானே, பக்க விளைவு இருக்காது" என்று நினைப்பவர்கள் இந்த வேரின் கதையைக் கேட்க வேண்டும்.

வேலியத்தின் மறுபக்கம் தெரிய இருபது வருடம் ஆயிற்று. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியராக இருந்த ஹெதர் ஆஷ்டன், 1982 முதல் 1994 வரை ஒரே ஒரு வேலைக்காகத் தனி கிளினிக் நடத்தினார்: இந்த மாத்திரையை நிறுத்த முடியாமல் தவித்தவர்களுக்கு நிறுத்தக் கற்றுக்கொடுப்பது. வந்தவர்களில் பெரும்பாலானோர் போதைக்காகச் சாப்பிட்டவர்கள் இல்லை. டாக்டர் சொன்ன அளவை, சொன்னபடியே, வருடக்கணக்கில் சாப்பிட்டவர்கள். அங்கே கற்றதை அவர் கையேடாக எழுதினார். இன்றும் உலகெங்கும் அதைத் தேடிப் படிக்கிறார்கள். 1988இல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு டாக்டர்களுக்கு ஒரு வரையறை சொன்னது: கடுமையான பதற்றத்துக்கு மட்டும், இரண்டிலிருந்து நான்கு வாரம் வரை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மாத்திரைக்குப் பழகிப்போகும் அபாயத்தைப் பெட்டி போட்ட எச்சரிக்கையாக அச்சிட உத்தரவிட்டது 2020இல்தான்.

ஏன் நிறுத்த முடிவதில்லை? இங்கேதான் சாப்பிடுகிறவருக்கும் வீட்டாருக்கும் பெரிய குழப்பம் வருகிறது.

வெளியிலிருந்து தினமும் பிரேக் அழுத்தப்பட்டால் மூளை தன் பிரேக்கைத் தளர்த்திக்கொள்கிறது. சில வாரத்தில் பழைய அளவுக்குப் பழைய தூக்கம் வருவதில்லை. பாதி ஒன்றாகிறது, ஒன்று இரண்டாகிறது. ஒருநாள் அட்டை தீர்ந்துபோய்க் கடையும் மூடியிருந்தால், வெளிப் பிரேக்கும் இல்லை, உள் பிரேக்கும் பலவீனம். முன்பு இருந்ததைவிடப் பெரிய படபடப்பு வருகிறது, தூக்கம் முற்றிலும் போகிறது, கை நடுங்குகிறது, சத்தமும் வெளிச்சமும் தாங்க முடிவதில்லை. "பாத்தியா, மாத்திரை இல்லேன்னா எனக்கு வியாதி வந்துடுது" என்று அவர் உறுதியாக நம்பிவிடுகிறார். வந்தது பழைய வியாதி இல்லை. மாத்திரை விலகியதால் வந்த எதிர்வினை. இரண்டும் ஒரே முகத்தோடு வருவதால் சாப்பிடுகிறவரால் பிரித்தறிய முடியாது. பெரிய அளவில் நெடுநாள் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிருக்கும் ஆபத்து வரலாம். "மனசுல உறுதி இருந்தா இன்னிக்கே விட்டுடலாம்" என்று வீட்டில் சொல்லும் புத்திமதி நல்ல எண்ணத்தில் வருகிறது. ஆனால் அது அபாயகரமானது.

மாத்திரையின் சிறிய உருவமும் ஏமாற்றுகிறது. பாரசிட்டமால் 500, 650 என்று வருகிறது, இது 0.25, 0.5 என்று வருகிறது. எண் சிறியதென்றால் வீரியமும் குறைவு என்று மனம் கணக்குப் போடுகிறது. ஆஷ்டன் தந்த ஒப்பீட்டின்படி அரை மில்லிகிராம் அல்பிரசோலம் ஏறத்தாழப் பத்து மில்லிகிராம் டயஸெபாமுக்குச் சமம். அல்பிரசோலம் உடம்பிலிருந்து சீக்கிரம் இறங்குவதும் ஒரு சிக்கல். இரவு போட்ட மாத்திரை மறுநாள் மதியத்துக்குள் வடியத் தொடங்க, மாலையில் புதிதாய் ஒரு பதற்றம் தலைதூக்குகிறது. டயஸெபாமோ நாட்கணக்கில் தங்கும். வயதானவர் உடம்பில் ஒரு நாள் மாத்திரையின் மேல் மறுநாள் மாத்திரை படிந்துகொண்டே போகும்.

காஞ்சிபுரத்துக்கென்று இதில் தனிக் கவலை ஒன்று இருக்கிறது. அது நெசவாளரின் முதுகிலிருந்து தொடங்குகிறது. குழித்தறியில் காலைக் குழிக்குள் விட்டு, முன்னால் குனிந்து, நாள் முழுக்க மிதிக்கும் வேலை. உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடிச் சேரும் கோர்வைச் சேலை என்றால் கண்ணும் கையும் ஒரு நொடி தவறக் கூடாது. முதுகு, இடுப்பு, கழுத்து, முழங்கால் என்று வலி ஏதாவது ஒன்றில் இருந்துகொண்டே இருக்கும். வலிக்கு டிரமடால் அல்லது டேப்பன்டடால் மாத்திரை. கால் மரத்துப்போவதற்கு பிரிகாபலின். தூக்கம் வராததற்கு அல்பிரசோலம். மூன்றும் மூன்று டாக்டர் எழுதியவை, மூன்று சீட்டு. ஒவ்வொரு சீட்டும் தனியாகப் பார்த்தால் நியாயமானது. ஒரே வயிற்றில் சேர்ந்தால் மூன்றும் மூச்சு விடச் சொல்லும் மூளை மையத்தைத் தாழ்த்துகின்றன. அதன் மேல் டாஸ்மாக் சரக்கும் இறங்கினால் நாலாவது சுமை. தூக்கத்திலேயே மூச்சு மெல்ல நின்றுபோகக்கூடிய கலவை இது.

அபின் வகை வலிநிவாரணியையும் பென்சோடயசெபினையும் சேர்த்துக் கொடுப்பதற்கு எதிராக அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. 2008 ஜனவரியில் நியூயார்க்கில் 28 வயதில் இறந்துபோன நடிகர் ஹீத் லெட்ஜரின் உடலில் இரண்டு வலிநிவாரணிகளும் மூன்று பென்சோடயசெபின்களும் ஒரு தூக்க மருந்தும் இருந்தன. அது விபத்து மரணம் என்றே மருத்துவப் பரிசோதகர் அறிவித்தார். வலிக்கும் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் என்று டாக்டர்கள் எழுதும் சாதாரண வகை மாத்திரைகள்தாம் அவை.

கலவை ஆபத்தில் கண்ணுக்குத் தெரியாத பகுதி ஒன்றும் உண்டு. இந்தியாவில் இரண்டு மூன்று மருந்தை ஒரே மாத்திரைக்குள் வைத்து விற்பது வழக்கம். மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராமோடு குளோனஸெபாம் சேர்ந்த மாத்திரை உண்டு. நெஞ்சுத் துடிப்பைக் குறைக்கும் புரோபிரனலாலோடு அல்பிரசோலம் சேர்ந்தது உண்டு. குடல் எரிச்சலுக்கும் வயிற்றுப் பிடிப்புக்கும் எழுதப்படும் சில மாத்திரைகளில் குளோர்டயஸெபாக்சைடு இருக்கிறது. "வயித்து மாத்திரை" என்று ஆறு மாதம் சாப்பிட்டவர் தாம் அமைதியூட்டிக்குப் பழகியிருப்பதை அறியவே மாட்டார். எஸ்சிட்டலோபிராமை மாதக்கணக்கில் தொடர வேண்டும்; குளோனஸெபாமைச் சில வாரத்தில் குறைத்து நிறுத்த வேண்டும். இரண்டையும் ஒரே மாத்திரைக்குள் அடைத்துவிட்டால் ஒன்றைத் தொடர்ந்து மற்றொன்றை எப்படி நிறுத்துவது? நோயாளிக்கு ஒரு மாத்திரை மிச்சமாகலாம். அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி டாக்டரின் கையை விட்டுப் போகிறது. இந்தக் கூட்டு மாத்திரைகள் இவ்வளவு தாராளமாகக் கிடைப்பதை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1940ஆம் ஆண்டின் மருந்துகள், ஒப்பனைப் பொருள்கள் சட்டத்தின் கீழ் இவை சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் அல்பிரசோலம், டயஸெபாம் உள்ளிட்டவை இருக்கின்றன. 2014 மார்ச் 1 முதல் எச்1 என்ற புதிய அட்டவணை நடைமுறைக்கு வந்தது. முதலில் அதில் சேர்ந்த 46 மருந்துகளில் பெரும்பங்கு ஆன்டிபயாடிக், காசநோய் மருந்துகள். அவற்றோடு அல்பிரசோலம், டயஸெபாம், குளோர்டயஸெபாக்சைடு, நைட்ரஸெபாம், மிடசோலம், சோல்பிடெம் ஆகியவையும் உண்டு. இவற்றை விற்கும் கடைக்காரர் சீட்டு எழுதிய டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கையும் உண்டு.

அந்த எச்சரிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. எச்சரிக்கப்பட வேண்டிய பாட்டியால் அதைப் படிக்க முடியாது. சிகரெட் பெட்டியில் படம் போட முடிந்த நாட்டில், அமைதியூட்டி அட்டையில் "மது அருந்தாதீர்கள், திடீரென்று நிறுத்தாதீர்கள்" என்று தமிழில் இரண்டு வரி அச்சிடுவது பெரிய காரியமே இல்லை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வு, 10 முதல் 75 வயது வரையிலான இந்தியர்களில் 1.08 சதவீதம் பேர், அதாவது சுமார் 1.18 கோடிப் பேர், மருத்துவ ஆலோசனைக்கு வெளியே அமைதியூட்டிகளைப் பயன்படுத்துவதாகக் கணக்கிட்டது. வலிநிவாரணிகளையும் நைட்ரஸெபாம் போன்றவற்றையும் இளைஞர்களுக்குப் போதைக்காக விற்றவர்கள் கைது என்ற செய்தி தமிழ் நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. சோதனை கடுமையாகும்போது கடைக்காரர்கள் பயந்து, உண்மையான சீட்டோடு வருபவருக்கும் "ஸ்டாக் இல்லை" என்கிறார்கள். நான்கு வருடமாக நாளும் சாப்பிட்டவருக்கு ஒரே நாளில் மாத்திரை நின்றுபோவது, மேலே சொன்ன வலிப்பு அபாயத்தின் வாசலில் அவரைக் கொண்டு நிறுத்துகிறது. கண்காணிப்பு வேண்டும். பழகிப்போனவரைச் சிகிச்சைக்குள் இழுத்துக்கொள்ளும் ஏற்பாடும் அதோடு சேர்ந்து வர வேண்டும். இதுவரை முதலாவது மட்டுமே செய்தியாகிறது.

போதைக்குச் சாப்பிடும் இளைஞரைப் பற்றி எழுதப்படும் அளவில் பத்தில் ஒரு பங்குகூட, இதே மாத்திரையைச் சாப்பிடும் அறுபத்தைந்து வயது அம்மாவைப் பற்றி எழுதப்படுவதில்லை. கணவர் இறந்த மாதத்தில் தொடங்கியது. பிள்ளைகள் ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார்கள். "அம்மா தூங்கினால் சரி" என்று மாத்திரையைத் தவறாமல் வாங்கி வைக்கிறார்கள். வயதாக ஆகக் கல்லீரல் இந்த மருந்தை உடைக்க அதிக நேரம் எடுக்கிறது. விடியற்காலை இருட்டில் கழிவறைக்கு எழும்போது கால் தடுமாறுகிறது. இடுப்பெலும்பு முறிந்தால் அதன் பிறகு பலர் பழையபடி நடப்பதில்லை. ஞாபகம் மங்கினால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறார்கள், மாத்திரையைச் சந்தேகிப்பதில்லை. குறட்டையும் மூச்சுத் திணறலும் உள்ளவர்களுக்கும் ஆஸ்துமாக்காரர்களுக்கும் ஆபத்து இன்னொரு படி அதிகம். கர்ப்பிணிகள் தாமாகத் தொடரவும் கூடாது, தாமாக நிறுத்தவும் கூடாது. தறியோ, ஃபேக்டரி மெஷினோ, பைக்கோ, எதை இயக்குகிறவர் என்று டாக்டரிடம் சொல்லாமல் இந்த மாத்திரையை வாங்குவது தவறு.

சரி, பதற்றத்துக்கு வேறு என்ன வழி? முதலில், அது பதற்றம்தானா என்று பார்க்க வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். தறிக்குப் பக்கத்தில் நாளைக்கு எட்டு டீ இறங்கினாலும் வரும். பதற்ற நோய் என்று உறுதியானால், உலகெங்கும் முதல் சிகிச்சையாகச் சொல்லப்படுபவை இரண்டு. ஒன்று, பயத்தைக் கிளப்பும் எண்ணங்களையும் தவிர்ப்புகளையும் படிப்படியாக எதிர்கொள்ளப் பயிற்றுவிக்கும் பேச்சுச் சிகிச்சை. இன்னொன்று, செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மாத்திரைகள். இவை பழகிப்போய் அளவைக் கூட்டச் சொல்பவை இல்லை; ஆனால் வேலை செய்ய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். அந்த இடைவெளியைக் கடக்க ஒரு பாலமாகச் சில வாரம் பென்சோடயசெபின் கொடுப்பது நல்ல வைத்தியம். பாலத்தின் மேலேயே வீடு கட்டிக் குடியேறிவிடுவதுதான் நடக்கிறது.

காரணத்தைத் தேடினால் நேரமின்மையும் வெட்கமும் கண்ணில் படும். நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்படப் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, பொதுவான மனநலக் கோளாறு உள்ளவர்களில் 85 சதவீதம் பேர் சிகிச்சை பெறவில்லை என்று கண்டது. நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடக் கிடையாது. நாற்பது பேர் காத்திருக்கும் வரிசையில் ஒருவருக்கு மூன்று நிமிடம் கிடைத்தால், மூன்று நிமிடத்தில் எழுதக்கூடியது ஒரு மாத்திரை மட்டுமே. வெட்கத்தின் வரலாறு இன்னும் பழையது. சென்னை மனநல மருத்துவமனையின் வேர் 1794 வரை போகிறது. அது இருக்கும் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே தமிழ்ப் படங்களும் தெருப்பேச்சும் வசைச்சொல்லாக்கிவிட்டன. அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பயந்து, மனநலப் பிரிவின் வாசலை மிதிப்பதைவிட மெடிக்கலில் காலி அட்டையைக் காட்டுவது எளிதென்று எத்தனை பேர் ஒதுங்கியிருப்பார்கள்!

இன்று மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1990களின் இறுதியில் திருச்சியில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் படிப்படியாகப் பரவியதன் பயன் அது. மாத்திரையும் ஆலோசனையும் இலவசம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலிமானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

காஞ்சிபுரம் கோயில் நகரம் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலாயுதம்பாளையம்புதூரின் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த மனநோயாளிகள் 31 பேரைக் கவனித்த ஆர். ரகுராமும் சக ஆய்வாளர்களும், எந்த மருந்தும் இல்லாமலேயே நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்ததாக 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அங்கே இருந்தது அடிக்காத, விரட்டாத, வேலையில் சேர்த்துக்கொள்ளும் ஒரு சூழல். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். இரண்டும் நம் மாநிலத்தில் நடந்தவைதாம். வரதராஜர் கோயில் குளக்கரையில் மாலையில் அரைமணி உட்கார்ந்தால் மனம் இறங்குகிறது என்று ஒருவர் சொன்னால் டாக்டர் அதைச் சிரித்து ஒதுக்க வேண்டியதில்லை. சீட்டில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே வருடக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் என்ன செய்வது? இதற்கு நம்பிக்கை தரும் விடை கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்தது. 65 வயது தாண்டிய, நெடுநாள் பென்சோடயசெபின் சாப்பிட்டுவந்த 303 பேரை காரா டானன்பாம் குழுவினர் மருந்துக் கடைகளின் மூலம் சேர்த்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு ஒரு சிறு புத்தகம் மட்டும் கொடுத்தார்கள்: மாத்திரை உங்கள் உடம்பில் என்ன செய்கிறது, படிப்படியாக எப்படிக் குறைப்பது, டாக்டரிடமும் மருந்தாளுநரிடமும் என்ன கேட்பது. ஆறு மாதத்தில் புத்தகம் பெற்றவர்களில் 27 சதவீதம் பேர் மாத்திரையை முற்றிலும் நிறுத்தியிருந்தார்கள். பெறாதவர்களில் 5 சதவீதம். 2014இல் வெளியான இந்த ஆய்வில் புது மருந்து இல்லை, பெரிய மருத்துவமனை இல்லை. படிக்கப் புரிகிற மொழியில் ஒரு புத்தகமும் அதைக் கொடுக்க ஒரு மெடிக்கலும் மட்டுமே. காஞ்சிபுரத்தில் மெடிக்கல்களுக்குப் பஞ்சமில்லை. தமிழில் அப்படி ஒரு புத்தகம் ஒவ்வொரு கடைக் கல்லாவிலும் இருக்க வேண்டும்.

குறைக்கும் வேகத்துக்கும் இப்போது தெளிவான வழிகாட்டுதல் இருக்கிறது. அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் 2025இல் கூட்டாக வெளியிட்ட நெறிமுறை, இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைத்துத் தொடங்கச் சொல்கிறது; எப்படியும் இரண்டு வாரத்துக்குள் 25 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது. சிலருக்கு டாக்டர் முதலில் மெல்ல இறங்கும் டயஸெபாமுக்கு மாற்றிவிட்டுப் பிறகு குறைப்பார். நான்கு வருடம் சாப்பிட்டவருக்கு நிறுத்த ஒரு வருடம் ஆனாலும் தோல்வி இல்லை. நடுவில் வீட்டில் கல்யாணமோ சாவோ வந்தால் அந்த மாதம் குறைக்காமல் அதே அளவில் நிற்கலாம்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போவது நல்லது: முதுகுவலி மாத்திரை, வயிற்று மாத்திரை, சித்த வைத்தியர் கொடுத்த சூரணம், தம்பி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது, எல்லாம். குடிப்பழக்கம் இருந்தால் எவ்வளவு என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். புதிதாக எழுதினால் "இதை எந்தத் தேதியில நிறுத்தணும் டாக்டர்?" என்று அங்கேயே கேட்டு, சீட்டின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கம் வரவில்லை என்று அட்டையிலிருந்து இரண்டு கிள்ளிக் கொடுக்கக் கூடாது. வீட்டில் யாராவது உயிரை வெறுத்துப் பேசினால் அட்டைகள் அவர் கைக்கு எட்டாத இடத்தில், இன்னொருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். சென்னையின் சிநேகா அமைப்பு 1986 முதல் இப்படிப்பட்டவர்களின் குரலைக் கேட்டுவருகிறது. 044-24640050 என்பது அதன் எண்.

முதலில் சொன்ன நெசவாளரின் தகர டப்பாவில் இப்போது பழைய சீட்டுக்கு மேல் புதிய சீட்டு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் மாத்திரையின் பெயருக்கு எதிரே தேதிகள் வரிசையாக இறங்குகின்றன: இந்தத் தேதி வரை ஒன்று, இந்தத் தேதியிலிருந்து அதில் கொஞ்சம் குறைவு, அடுத்து எப்போது வந்து பார்க்க வேண்டும். அவர் மனைவி அந்தத் தேதிகளைச் சமையலறைக் காலண்டரில் பேனாவால் சுழித்து வைத்திருக்கிறார். முதல் குறைப்புக்குப் பிறகு மூன்று இரவு அவருக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. நான்காம் இரவு வந்தது. காலண்டரில் அடுத்த சுழிக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது.